நடுவில் ஒரு ஹரிசன்

ஒடாஹுஹு, ஓக்லாந்து
10 ஜூன் 2025

அன்புள்ள தங்கச்சி செல்வநாயகிக்கு,

அண்ணன் தவராசா சொல்லச் சொல்ல, வழமைபோலத் தமயந்திப் பிள்ளை தன்னுடைய டெய்ரிக் கடைக் கவுண்டரில் வைத்து எழுதுகிறது. எனக்கு வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொல் கேட்கிறது. உன் காது எப்படி? போன முறை ரெலிபோனில் உனக்குக் கேட்க வேண்டுமென்று நான் கத்தியதில், பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர் சண்டையாக்கும் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நமக்குக் கடிதம்தான் சரி.

சங்கதி என்னவென்றால், மகன் வசீகரன் எங்கள் பகுதி லோக்கல் போர்டுக்கு நிற்கப் போகிறான். ஊரில் கிராம சபை மாதிரி. ஒக்டோபரில் தேர்தல். மருமகள் கம்சாயினிக்கு விருப்பமில்லை. "மோர்ட்கேஜ் கட்டுற காலத்தில இது தேவையோ?" என்று கேட்டாள். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

ஏன் தெரியுமோ? பேத்தி ராகவிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரே குடும்பப் பெயரோடு அரசியலுக்கு வந்தவர்களைத் தேடி எழுத வேண்டும். அவள் வாய்விட்டுப் படிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தரம் கேட்டாலே எனக்கு உள்ளே போய் இருந்துவிடுமே. இரண்டாவது ஜனாதிபதி ஆடம்ஸ், ஆறாவது ஆடம்ஸ், தகப்பனும் மகனும். ஒன்பதாவது ஹரிசன், இருபத்துமூன்றாவது ஹரிசன், தாத்தாவும் பேரனும். தாத்தா பதவியில் இருந்தது முப்பத்தொரு நாள்தான். ரூஸ்வெல்ட் இருபத்தாறும் முப்பத்திரண்டும் தூரத்துச் சகோதரர். புஷ் நாற்பத்தொன்றும் நாற்பத்துமூன்றும் தகப்பன் மகன். ஜோன்சன் பதினேழும் முப்பத்தாறும் என்ன முறை என்று அவள் இன்னும் படிக்கவில்லை. சித்தப்பன் வழியாக இருக்கும்.

தமயந்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, பால் வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் ஹரிசன் கதை சொல்லாதீங்க, பால் திரிஞ்சிடும்" என்கிறது. நீ எழுது பிள்ளை.

இந்த நாட்டில் பத்திரத்தில் கடைசியாக நிற்கிற பெயர்தான் குடும்பப் பெயர். ஊரில் முன்னால் நிற்கிற தகப்பன் பெயரை இங்கே எங்களுக்கு அந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால் கிளினிக்கில் என்னை "மிஸ்டர் விசுவலிங்கம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தரம் கூப்பிட்டால் நான் எழும்புவதில்லை. செத்துப்போன அப்பு எங்கேயோ வந்து நிற்கிறார் என்று வாசலைப் பார்ப்பேன். அதே கணக்கில் வசீகரனுடைய குடும்பப் பெயர் தவராசா. கையெழுத்துக்கு மேல் ஓர் எழுத்தும் அறியாதவனுடைய பெயர் இங்கே மதிலெல்லாம் தொங்கப் போகிறது.

மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போடு.

உன் அண்ணன்,
தவராசா


இணுவில்
8 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் இடது காது முழுதாகப் போய்விட்டது, வலது காது வேண்டியதை மட்டும் கேட்கிறது. மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பட்டோ?

முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவள் என்பதால் ஒரு திருத்தம். ஜோன்சன் இரண்டு பேரும் உறவே இல்லை. பெயர்தான் ஒன்று. சித்தப்பனும் இல்லை, பெரியப்பனும் இல்லை.

வசீ நிற்கிறான் என்று வாசித்ததும் எனக்கு அப்பு கிராம சபைக்கு நின்ற நாள்தான் ஞாபகம் வந்தது. எனக்குப் பதினாறு, உங்களுக்கு இருபத்தொன்று. குடைச் சின்னம். வீட்டில் இருந்த கிழிந்த குடையை எல்லாம் அம்மா தைத்து வாசலில் கட்டினா. இரண்டு வாக்கால் போனது. வண்டி வராமல் போன அந்தப் பின்னேரத்தைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. இப்போது கதைக்க வேண்டும் என்றும் இல்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

வசீக்கு மாமியின் ஆசீர்வாதம் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
செல்வநாயகி


ஒடாஹுஹு
12 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

எண்ணெய் வேண்டாம், சுங்கத்தில் திறந்து மணந்து பார்ப்பார்கள். இங்கே குளிரும் மழையும். இருந்தாலும் காலையில் நடக்கிறேன்.

சனிக்கிழமை பலகைகள் ஏறிவிட்டன. லைப்ரரிக்கு எதிரே ஒன்று, ரயில் ஸ்டேசன் பக்கம் ஒன்று, பாபடோயிட்டோய் போகிற வழியில் நான்கு. நல்ல நீல நிறம். வசீகரனுடைய படம் ஒரு ஆள் உயரம். சிரிக்கிறான். பல் வரிசை உன்னுடையது மாதிரி. ஒவ்வொரு நாளும் லைப்ரரிக்கு எதிரே போய், அங்கே கிடக்கிற மர வாங்கில் குந்தியிருந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

ஹரிசன்களைப் பற்றி இன்னொன்று கேட்டேன். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் ஒருவர் இருந்திருக்கிறார் அல்லவா? அவர் தோட்டம் செய்தவராம். இரண்டு தரம் பாராளுமன்றமும் போனவராம். அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு மகனாகவும் ஜனாதிபதிக்குத் தகப்பனாகவும் இருந்தது அவர் ஒருவர்தானாம். அவருடைய முழுப் பெயரை ராகவி இரண்டு தரம் சொன்னாள். ஒருநாளும் இல்லாத மாதிரி, அது எனக்கு நிற்கவில்லை.

வேறு விசேசம் இல்லை. பலகை நல்ல நீலம்.

உன் அண்ணன்,
தவராசா


ஒடாஹுஹு
12 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய செல்வநாயகி அம்மாவுக்கு,

வணக்கம். நான் தமயந்தி, உங்கள் அண்ணனுக்குக் கடிதம் எழுதித் தருபவள். நான் மதுரைப் பக்கம். என் எழுத்தில் எங்கள் ஊர்த் தமிழ் கலந்துவிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு நலமாக இருக்க வேண்டும்.

இதை ஐயாவுக்குத் தெரியாமல் தனி உறையில் அனுப்புகிறேன். அந்தப் பலகையில் அவர் பெயர் இல்லை. வசீகரன் தம்பி தன் பெயரையே இரண்டாக உடைத்து "வசீ கரன்" என்று போட்டிருக்கிறார். கரன்தான் இப்போது குடும்பப் பெயர். தேர்தல் வேலை பார்க்கும் ராம்பிரசாத், நீளமான பெயரைப் பார்த்தால் இங்குள்ளவர்கள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள் என்று சொன்னாராம். தம்பி என் கடைக்கு வந்தபோது கேட்டேன். "அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது அக்கா, சொல்லி ஏன் நோகப் பண்ண வேணும்?" என்றார்.

ஐயா தினமும் அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, நேராக என் கடைக்கு வருகிறார். "எழுத்து பெருசா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். "ஆமா ஐயா, பெருசா இருக்கு" என்றேன். சொல்லவா, விடவா? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்.

இப்படிக்கு,
தமயந்தி


இணுவில்
4 செப்டெம்பர் 2025

அன்புள்ள மகள் தமயந்திக்கு,

உங்கள் கையெழுத்தை மூன்று வருடமாக அறிவேன், முகத்தைத்தான் அறியேன். வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். பாஸ்போட்டுக்குக் கையெழுத்து வேண்டும் என்றபோது, தவராசா என்பதன் ஒன்பது இங்கிலீசு எழுத்தை முற்றத்து மண்ணில் ஈர்க்கால் கீறிக் காட்டியவள் நான். முதல் எழுத்து விளக்குக் கம்பம், இரண்டாவது முதுகு சாய்க்கும் கதிரை, நடுவில் ஒரு கவட்டை, கடைசிக்கு முன்னால் ஒரு பாம்பு. ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஒன்றைப் பிடித்தால் விடுகிறவர் இல்லை.

அவர் படிக்காமல் போனதற்கு அவர் காரணம் இல்லை, மகள். எட்டு வயதில் அப்பு அவரைப் பள்ளிக்கூடத்தால் மறித்துப் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க விட்டார். என்னைப் படிக்க விட்டார். அதனால்தான் "வாசிக்கத் தெரியாது" என்ற அந்தச் சொல் எனக்கே இங்கே குத்துகிறது. அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
செல்வநாயகி


ஒடாஹுஹு
23 செப்டெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் சுகத்தைக் கேட்டு எழுதச் சொன்னால் தமயந்தி பேனாவை உருட்டிக்கொண்டு இருக்கிறது. போன கிழமை கவுண்டரில், சூயிங்கம் பெட்டிக்குக் கீழே உன் கடிதம் ஒன்று கிடந்தது. உன் எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. பார்த்தால் தெரியும். "யாருக்கு வந்தது பிள்ளை?" என்றேன். "கரண்ட் பில் ஐயா" என்றது. இணுவிலில் இருந்து கரண்ட் பில்! சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

அதனால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை. முதல் நாளே கண்டுவிட்டேன். பலகையில் விளக்குக் கம்பமும் இல்லை, கதிரையும் இல்லை. தமயந்தியிடம் இன்றைக்குத்தான் வாசித்துக் காட்டச் சொன்னேன். "வசீ கரன்" என்று வாசித்துவிட்டு அழுதது. அழாதே என்று சொல்லி ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், அதன் கடையிலேயே.

இந்த நாட்டில் எங்களுக்குப் பின்னால் நிற்பது தகப்பன் பெயர். இவன் தன் பெயரின் பாதியைப் பிய்த்துத் தனக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறான். தனக்குத் தானே தகப்பன். ஜோன்சன் இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது, உறவு இல்லை என்று எழுதினாய். எங்கள் வீட்டில் அது மறுவளம், தலைகீழ்.

மாற்றியது பெரிதில்லை. பெயர் நீளம்தான், எனக்கே எழுத மூச்சு வாங்கும். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் என் எதிரே இருந்து, "அப்பா, பலகை பாத்தீங்களோ, எப்பிடி இருக்கு?" என்று கேட்டான். "நல்ல நீலம்" என்றேன். "அவ்வளவுதானோ?" என்றான். "படம் வடிவாயிருக்கு" என்றேன். அவன் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததைக் கண்டேன். தகப்பனுக்குப் படிப்பில்லாதது நல்லதாய்ப் போயிற்று என்ற ஆறுதல்.

வோட்டுப் பத்திரங்கள் தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டன. வசீக்கு, கம்சாயினிக்கு, எனக்கு என்று மூன்று. இங்கே சின்னம் கிடையாது, தங்கச்சி. குடையும் இல்லை, கடிகாரமும் இல்லை. பெயர் வாசிப்பவனுக்குத்தான் பத்திரம். ராகவி பெயரைத் தொட்டுக் காட்ட, நான் அவனுக்கு அடையாளம் போட்டு உறையை ஒட்டினேன்.

உன் அண்ணன்,
தவராசா


ஒடாஹுஹு
14 ஒக்டோபர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்க வாய் வரவில்லை. நீ சுகமாய் இரு.

வசீகரன் தோற்றுப்போனான். அறுபத்துமூன்று வாக்கால்.

தேர்தல் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணியோடு முடிவு. கடைசி நாளானபடியால் அவனுக்கு ஓட்டம். காலையில் மூன்று உறையையும் என்னிடம் தந்து, "அப்பா, நடக்கப் போகேக்க லைப்ரரிப் பெட்டியில போட்டுவிடுங்கோ. பன்னிரண்டுக்குப் பூட்டிடுவினம்" என்றான். கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போனேன். பத்து மணிக்கு லைப்ரரி வாசலில் நிற்கிறேன். கதவு இருபது அடி. எதிரே பலகை. கொஞ்சம் முழங்காலை ஆற்றுவோம் என்று வாங்கில் இருந்தேன்.

எழும்பவில்லை.

முழங்கால் என்று சொல்லலாம். இல்லை. எழும்ப நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பையும் அந்தக் குட்டைப் பெயரையும் பார்த்தேன். சனங்கள் வந்து வந்து போட்டார்கள். பன்னிரண்டுக்கு ஒரு பெட்டைப் பிள்ளை வந்து செம்மஞ்சள் வாக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். உறை மூன்றும் என் நெஞ்சில் சூடாய் இருந்தன.

தமயந்தி சொல்கிறது, "ஐயா, அறுபத்து மூணுல மூணு போனா என்ன, இருந்தா என்ன?" என்று. அதற்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அப்பு தோற்றது இரண்டு வாக்கால்.

ஐம்பத்தெட்டு வருடம் வாயில் வைத்திருந்ததைச் சொல்கிறேன். தமயந்தி, ஒரு சொல்லும் விடாமல் எழுது.

அப்பு என்னை வண்டியோடு அனுப்பியது தெற்குப் புறத்து மூன்று கிழவிகளை வாக்குச் சாவடிக்கு ஏற்றி வர. மூன்றும் நடக்க மாட்டாத சனம், மூன்றும் குடைக்குத்தான் போடும். நான் அங்கே போகவே இல்லை. குளத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நேரம் முடியும்வரை மரத்துக்குக் கீழே இருந்தேன். அவர்கள் நல்ல சேலை உடுத்துப் படலை வாசலில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். முதல் நாள் கூட்டத்தில் அப்பு என்ன பேசினார் என்று உனக்கு நினைவிருக்கும். "இந்த ஊரில் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கக் கூடாது." சனம் கைதட்டியது. மேடைக்குப் பக்கத்தில் பெற்றோல்மக்ஸ் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

மாட்டை மட்டும் நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அச்சு முறிஞ்சு போச்சு அப்பு" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிய வண்டியை எடுக்கப் போனால், அச்சு உண்மையாகவே இரண்டாய் முறிந்து கிடந்தது. நான் விட்டு வரும்போது அது முழுதாய் இருந்தது, தங்கச்சி. என் பொய்யைக் கேட்ட அம்மன்தான் முறித்துக் காட்டினாள் என்று இன்றுவரை நம்பியிருக்கிறேன். அப்பு சாகும்வரை அவர் முகத்தை நேரே பார்க்கவில்லை.

இப்போது மகனுக்கும் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

தவராசா


இணுவில்
6 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் கவலைப்பட்டுச் சாப்பாட்டை விடாதீர்கள்.

அம்மன் முறிக்கவில்லை, அண்ணா.

அன்று பொழுதுபடப் பார்த்து, "வா பிள்ளை, வண்டியைப் பாத்து வருவம்" என்று அப்பு என்னைக் கூட்டிக்கொண்டு குளத்தடிக்குப் போனார். கோடாலியும் கொண்டு வந்தார், முறிந்த மரத்தைச் செதுக்கி எடுக்க. வண்டிக்குக் கீழே குனிந்து அச்சைத் தடவிப் பார்த்தார். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைவரை, இரண்டு தரம். ஒரு கீறல் இல்லை. பிறகு வண்டிச் சில்லில் சாய்ந்துகொண்டார். நான் வாய் திறக்கப் போக, "அவனிட்ட ஒண்டும் கேளாத. அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கு" என்றார்.

வீதியில் சன நடமாட்டம் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. விடிந்தால் ஊர் வந்து வண்டியைப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். சொந்த வண்டியின் அச்சைக் கோடாலியால் அவரே அடித்து முறித்தார்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் போன பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் மறந்து நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். படித்தவள் செய்த பிழை இது.

மன்னியுங்கள்.

செல்வநாயகி


ஒடாஹுஹு
28 நவம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தமயந்தி மூன்று தரம் வாசித்தது. நான் கேட்டது ஒரு தரம்தான். மற்ற இரண்டு தரமும் பிள்ளை தனக்காக வாசித்தது. மன்னிப்பு ஒன்றும் வேண்டாம், நீ காதைப் பார்.

இப்போதுதான் ஒன்று விளங்குகிறது. தேர்தல் முடிந்த அடுத்த நாள் என் கோட்டைக் கழுவப் போட்டார்கள். உறைகளை எடுக்க நான் மறந்துபோனேன். ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் கோட்டு கொடியில் காய்கிறது. பை வெறுமை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிழமை சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். ராம்பிரசாத் பகிடியாக, "உங்கட வீட்டு வோட்டாவது ஒழுங்கா விழுந்துதோ?" என்று கேட்டார். வசீகரன் என்னைப் பார்க்காமல், தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு, "ஓம் ஓம், மூண்டும் விழுந்தது. அப்பாதான் கொண்டுபோய்ப் போட்டவர்" என்றான்.

அவன் ஏமாந்திருக்கிறான் என்று நினைத்தேன். தங்கச்சி, அவன் அச்சு முறித்துக்கொண்டிருந்தான்.

நேற்று கிளினிக்குக்கு அவன்தான் காரில் கூட்டிப்போனான். வழியில் தொடங்கினேன். "தம்பி, அண்டைக்கு லைப்ரரியடியில..." என்றேன். "விடுங்கோ அப்பா. முழங்கால் நொந்திருக்கும்" என்றான். பென்ரோஸ் வந்தது. அங்கே ஒரு வேலியில் அவனுடைய பலகை கழற்றாமல் கிடந்தது. அவன் கார்க் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கத்தை மறைத்தான். நான் மறுபக்கம் பார்த்தேன். பெயரைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனிச் சொல்லிக்கொள்வோம் என்றும் நினைக்கவில்லை.

ராகவி தன் வேலையை ஒப்படைத்துவிட்டாள். ஆடம்ஸ் தகப்பனைப் பற்றிக் கடைசியாக ஒன்று வாசித்தாள். மகன் ஜனாதிபதியாகத் தெரிவானபோது கிழவனுக்குத் தொண்ணூறு வயது கிட்டத்தட்ட. தூரம் போக மாட்டாமல், வீட்டில் இருந்தபடி ஆசீர்வாதம் எழுதி அனுப்பினாராம். எழுதத் தெரிந்த மனுசன்.

கிளினிக்கில் நேர்ஸ் வந்து, "மிஸ்டர் விசுவலிங்கம்" என்று கூப்பிட்டாள். வாசலைப் பார்க்கவில்லை. முதல் தரத்திலேயே எழும்பிவிட்டேன். வசீகரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஒன்று கேட்கிறேன், மறக்காமல் எழுது. அந்த அச்சு பாலை மரம். லேசில் முறியாது. அப்புவுக்கு அப்போதே தோள்மூட்டு வருத்தம் இருந்தது. நீ திரும்பி நின்றாலும் உன் காது அந்த நாளில் நல்ல காது.

எத்தனை அடி அடித்தார்?

உன் அண்ணன்,
விசுவலிங்கம் தவராசா